தொட்டித் தண்ணீரை அளக்க ஒலியா, ஒளியா?

வைகை அணையில் இன்று எத்தனை அடி என்று கேட்டால், மதுரையில் டீக்கடை பெஞ்சில் இருப்பவர் பேப்பரைப் புரட்டிச் சொல்லிவிடுவார். முழுமட்டம் 71 அடி என்பதும் மனப்பாடம். தன் வீட்டு மாடித் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பது மட்டும், தலையில் ஷாம்பூ போட்ட பிறகு குழாய் புஸ்ஸென்று காற்று விடும்போதுதான் தெரியவரும்.

அதற்கு ஒரு மீட்டர் மாட்டலாம் என்று கிளம்புகிறவருக்கு இரண்டு வழி உண்டு. காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தைக் கணக்கிடும் சென்சார் ஒன்று. லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிடும் சென்சார் மற்றொன்று. ஒளிதானே வேகம், லேசர்தானே துல்லியம் என்று பலரும் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள். சுவரையும் தரையையும் அளக்க அது சரி. தண்ணீரை அளக்கும்போது அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது. காரணம் சென்சாரில் இல்லை, தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கிறது.

தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்பவர் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வாங்கி மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். அதைவிட மலிவாகவும் உறுதியாகவும் வேறொன்றும் கிடையாது. எத்தனை லிட்டர் இருக்கிறது, ராத்திரியில் எவ்வளவு குறைந்தது, கிணறு வாரத்துக்கு எத்தனை அடி இறங்குகிறது என்று எண்ணாகத் தெரிய வேண்டியவர்களுக்குத்தான் மேற்கொண்டு வரும் ஒப்பீடு.

தண்ணீர் எதைத் திருப்பி அனுப்பும்?

ஓர் அலை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு திரும்பும் என்பதை இரண்டு பொருள்களுக்கும் உள்ள வேற்றுமை தீர்மானிக்கிறது. ஒலிக்கு அந்த வேற்றுமையைக் கணக்கிடுவது எளிது. பொருளின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்க வேண்டும். 30 டிகிரிக் காற்றில் அது சுமார் 407. தண்ணீரில் சுமார் 15 லட்சம். ஏறத்தாழ 3,700 மடங்கு இடைவெளி. இவ்வளவு வேற்றுமை இருந்தால், மேலிருந்து நேராக வந்து விழும் ஒலி ஆற்றலில் 99.9 சதவீதம் அப்படியே திரும்பிவிடும். ஒலிக்குத் தண்ணீர் என்பது கருங்கல் தளம் மாதிரி.

ஒளிக்குக் கதையே வேறு. காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம் 1க்கும் 1.33க்கும் இடைப்பட்டதுதான். மேலிருந்து செங்குத்தாக விழும் ஒளியில் 2 சதவீதம் மட்டுமே திரும்பும். மீதி 98 சதவீதமும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். மாரியம்மன் தெப்பக்குளம் நிரம்பியிருக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். கரையில் நின்று தூரத்தில் பார்த்தால் மைய மண்டபம் தலைகீழாகத் தெளிவாக விழும், ஏனென்றால் சாய்வாக வரும் ஒளியைத் தண்ணீர் நிறையவே எதிரொளிக்கும். அதே படியில் குனிந்து காலடியைப் பார்த்தால் முகம் மங்கலாகத்தான் தெரியும், கீழே மூழ்கிய படிக்கட்டுத்தான் கண்ணில் படும். தொட்டிக்கு மேலே மாட்டிய லேசர் சென்சார் பார்ப்பது இந்த இரண்டாவது காட்சியைத்தான்.

உள்ளே போன 98 சதவீதம் என்ன ஆகும் என்பது நிறத்தைப் பொறுத்தது. கட்டிட வேலையில் கொத்தனார்கள் வைத்திருக்கும் லேசர் மீட்டரில் இருப்பது 635 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றிய சிவப்பு ஒளி. அது தெளிந்த தண்ணீரில் சில மீட்டர் தாராளமாக இறங்கித் தரையில் பட்டு, அங்கிருந்து சிதறித் திரும்பும். மீட்டர் காட்டுவது நீர்மட்டத்தை அல்ல, அடித்தரையை. அதையும் சரியாகக் காட்டாது. தண்ணீருக்குள் ஒளியின் வேகம் குறைவதால், 2 மீட்டர் தண்ணீரை அது ஏறத்தாழ 2.66 மீட்டராக எண்ணிக்கொள்ளும். மேலிருந்து தண்ணீர் வரை 1 மீட்டர், அதற்குக் கீழே 2 மீட்டர் தண்ணீர் என்றால் திரையில் 3.66 வரும். தொட்டியின் உயரமே 3 மீட்டர்தான் என்று தெரிந்தவர் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

சின்ன லேசர் சென்சார்களில் (வி.எல்.53எல்0எக்ஸ் போன்றவை) இருப்பது கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வளிமண்டலத்தில் உள்ள நீராவி அந்த அலைநீளத்தை உறிஞ்சுவதால் வெயிலில் அந்தப் பகுதி மட்டும் சற்று மங்கியிருக்கும். வெயிலின் தொந்தரவு குறையட்டும் என்றுதான் 940ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அதே குணம் தொட்டியில் எதிராக வேலை செய்கிறது. சில பத்து சென்டிமீட்டர் தண்ணீரிலேயே அந்த ஒளி ஏறக்குறைய முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும். மேற்பரப்பு 2 சதவீதம்தான் தருகிறது, அடித்தரை ஒன்றுமே தருவதில்லை. சென்சார் ஒருமுறை சரியான எண்ணைச் சொல்லும், மறுமுறை எல்லைக்கு வெளியே என்று கைவிரிக்கும்.

கலங்கிய தண்ணீர், நுரை மிதக்கும் தண்ணீர் என்றால் நிலைமை தலைகீழ். சேறும் பாசியும் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். நுரையோ ஒலியைப் பஞ்சுபோல விழுங்கிவிடும். பால் கேன் கழுவும் தொட்டி, சலவைத் தொட்டி மாதிரி இடங்களில் ஒளி சென்சார்தான் முந்தும். குடிக்கவும் குளிக்கவும் வைத்திருக்கும் தண்ணீருக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது.

துல்லியம் என்ற மயக்கம்

மீயொலி சென்சார் 40 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் துடிப்புகளை அனுப்புகிறது. 30 டிகிரிக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 57 மைக்ரோ நொடி. சென்சாரை இயக்கும் மலிவான மைக்ரோ கன்ட்ரோலரே (சிறு கணினிச் சில்லு) ஒரு மைக்ரோ நொடியை எண்ணிவிடும் என்பதால் மில்லிமீட்டர் கணக்கு கஷ்டமில்லை. எச்.சி.–எஸ்.ஆர்.04 என்ற மலிவான சென்சாரின் விவரத்தாள் 3 மில்லிமீட்டர் துல்லியம் என்கிறது.

ஒளி அதே ஒரு சென்டிமீட்டரைப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்வது சுமார் 67 பிக்கோ நொடி, அதாவது மேலே சொன்னதில் எட்டரை லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய நேரத்தை ஒரே அளவீட்டில் பிடிக்க முடியாமல், ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். டி.எஃப்.லூனா போன்ற சின்ன லேசர் சென்சாரின் விவரத்தாள் 3 மீட்டருக்குள் 6 சென்டிமீட்டர் கூடக் குறைய வரலாம் என்றுதான் உறுதி தருகிறது. கொத்தனாரின் கைமீட்டர் 2 மில்லிமீட்டர் வரை சொல்வது உண்மை. அது நேரத்தை நேரடியாக அளப்பதில்லை, ஒளியின் ஏற்ற இறக்கத்தைத் திரும்பிவந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேறு முறை. விலையும் அதற்கேற்ப.

ஆக, வேகம் கூடினால் துல்லியம் கூடும் என்பது நேர்மாறு. மெதுவாகப் போகிறவனை நேரம் பார்ப்பதுதான் சுலபம்.

ஒலியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: வெப்பம். ஒளியின் வேகம் காற்றின் சூட்டால் மாறுவது இந்த வேலைக்குக் கணக்கிலேயே வராது. ஒலியின் வேகம் டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் ஏறும். நினைவில் வைக்க வேண்டிய சூத்திரம் இது ஒன்றுதான்:

வேகம் (மீ/நொடி) = 331.3 + 0.606 × வெப்பநிலை

இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் பெரும்பாலும் 343 மீட்டர் என்றோ, நேரத்தை 58ஆல் வகு என்றோ எழுதப்பட்டிருக்கும். அது 20 டிகிரிக்கான எண். மதுரையில் 20 டிகிரி என்பது மார்கழி விடியற்காலைக்கு மட்டும் சொந்தம். சித்திரை மதியம் கருப்புத் தொட்டிக்குள் காற்று 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒலியின் வேகம் சுமார் 358. தொட்டியில் தண்ணீர் 100 செ.மீ. கீழே இருந்தால் அந்த நிரல் 96 செ.மீ. என்று சொல்லும். இரவு 27 டிகிரிக்கு இறங்கியதும் அதே தண்ணீருக்கு 98.8 என்று சொல்லும். ஒரு சொட்டுகூட எடுக்காமல் மட்டம் 2.8 செ.மீ. இறங்கியதாகத் தோன்றும். 1,000 லிட்டர் தொட்டியின் விட்டம் 110 செ.மீ. என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 9.5 லிட்டர். ஆக இரவோடு இரவாக 27 லிட்டர் காணாமல் போகிறது. எங்கோ கசிகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயெல்லாம் சோதிக்கும் முன், இந்தக் கணக்கைச் சோதிப்பது நல்லது.

தீர்வு சிறியது. டி.எஸ்.18பி20 என்ற நீர்புகா வெப்ப சென்சாரைத் தொட்டியின் உள்காற்றில் தொங்கவிட்டு (4.7 கிலோ ஓம் புல்அப் மின்தடையோடு), ஒவ்வொரு முறையும் மேற்சொன்ன சூத்திரத்தில் வேகத்தைக் கணக்கிட வேண்டும். மூடிக்கு அடியில் சூடாகவும் தண்ணீரை ஒட்டிக் குளிர்ச்சியாகவும் இருப்பதால், இந்த வெப்ப சென்சாரை மூடியை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் கீழே தொங்கவிடுங்கள். மூடிய தொட்டியின் காற்றில் நீராவி நிரம்பியிருப்பதால் வேகம் இன்னும் அரை முதல் ஒன்றரை சதவீதம் கூடும். அதை விட்டுவிடலாம். இந்தப் பிழை காற்று இடைவெளியின் விகிதத்தில்தான் வரும், அதாவது தொட்டி காலியாக இருக்கும்போது அதிகம், நிறைந்திருக்கும்போது மிகக் குறைவு. மாடித் தொட்டியில் பத்து லிட்டர் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

மாடித் தொட்டி

இங்கே மீயொலிதான், சந்தேகமே வேண்டாம். எந்த மீயொலி சென்சார் என்பதில்தான் யோசிக்க வேண்டும்.

எச்.சி.–எஸ்.ஆர்.04இல் இரண்டு கண்கள் உண்டு, ஒன்று ஒலியை அனுப்பும், மற்றொன்று கேட்கும். 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும். விலை நூறு ரூபாயைச் சுற்றி. மேசையில் வைத்துப் பார்த்தால் அருமையாக வேலை செய்யும். தொட்டிக்குள் மாட்டினால் நீராவி உலோக வலைக்குள் படிந்து, உள்ளே அரித்து, சில மாதத்தில் எண்கள் தாறுமாறாகும். பரிசோதனைக்கு மட்டும் வாங்கலாம்.

ஜே.எஸ்.என்.–எஸ்.ஆர்.04டி என்பது கார் பின்பக்க சென்சார் மாதிரி மூடிய ஒற்றைக் கண் கொண்டது. ஈரம் புகாது. மூன்று நான்கு மடங்கு விலை. ஆனால் ஒரே கண் அனுப்பவும் கேட்கவும் வேண்டியிருப்பதால் ஒரு சிக்கல். அனுப்பி முடித்த பிறகும் கோவில் மணி மாதிரி அது கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு அடங்கும் வரை வரும் எதிரொலி அதற்குக் கேட்காது. அதனால் 20 முதல் 25 செ.மீ.க்குள் இருக்கும் எதையும் அதனால் அளக்க முடியாது. இதைக் கவனிக்காமல் மூடியில் நேராகப் பொருத்தினால், தொட்டி நிரம்பும்போது தண்ணீர் அந்தக் குருட்டு எல்லைக்குள் ஏறிவிடும். அப்போது முதல் எதிரொலி தவறி, தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே இரண்டாம் முறை போய்வந்த எதிரொலியைச் சென்சார் பிடிக்கலாம். 15 செ.மீ. இடைவெளி 30 ஆகத் தெரியும். தொட்டி வழிந்து மாடியெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், திரை இன்னும் இடமிருக்கிறது என்று சொல்லும். தானியங்கி மோட்டாரோடு இணைத்திருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோட் ஸ்விட்சைக் கழற்றாமல் காவலுக்கு விட்டுவைப்பது இதற்காகத்தான்.

சரியாக மாட்டும் முறை: ஓவர்ஃப்ளோ குழாயின் மட்டத்துக்கு மேலே குறைந்தது 25 செ.மீ. உயரத்தில் சென்சாரின் முகம் இருக்க வேண்டும். பெரும்பாலான சின்டெக்ஸ் தொட்டிகளில் மூடிக்கும் ஓவர்ஃப்ளோவுக்கும் அவ்வளவு இடம் இருக்காது. 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 18 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, மூடியில் துளையிட்டுப் புகைபோக்கி மாதிரி நிறுத்தி, அதன் தலையில் சென்சாரைப் பொருத்துங்கள். குழாயின் கீழ் விளிம்பும் ஒரு சிறு எதிரொலியைத் தரும், ஆனால் அது 20 செ.மீ.க்குள் இருப்பதால் குருட்டு எல்லையிலேயே அமுங்கிவிடும். குழாயை 40 செ.மீ. வைத்தால் அந்த விளிம்பே தண்ணீராகத் தெரியும். கீழ் விளிம்பு மூடியோடு சமமாக முடியட்டும், உள்ளே நீட்ட வேண்டாம். குழாயின் தலையை சிலிகோன் பசை வைத்து அடைத்தாலும், நீராவி வெளியேற ஒரு சிறு துளை விடுங்கள்.

ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பது அவசியம். தண்ணீர் எப்போதும் சமமாகத்தான் நிற்கும், சாய்வது சென்சார்தான். 5 பாகை சாய்ந்தால் எதிரொலி 10 பாகை விலகிப் போகும். மீயொலிக் கற்றை அகலமானது என்பதால் 5 பாகையைத் தாங்கிக்கொள்ளும், 15ஐத் தாங்காது. தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு எதிர்ப்பக்கமாக, சுவரிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி மாட்டுங்கள். விழும் தாரை சென்சாருக்குக் கீழே இருந்தால் தண்ணீர் ஏறும் நேரம் முழுவதும் எண் குதிக்கும்.

சென்சாரின் 2.5 மீட்டர் வயரை வெட்டி நீட்டக் கூடாது. அதில் ஓடுவது மிக மெல்லிய எதிரொலிச் சிக்னல், நீட்டினால் இரைச்சல்தான் வரும். சென்சாரோடு வரும் மின்சுற்றுப் போர்டை மாடியிலேயே ஒரு பெட்டியில் வைத்து, போர்டிலிருந்து கீழே போகும் வயரை நீட்டுங்கள். ஈ.எஸ்.பி.32 போன்ற 3.3 வோல்ட் கன்ட்ரோலருடன் சேர்த்தால், போர்டிலிருந்து எதிரொலி நேரத்தைச் சொல்லும் எக்கோ முனையின் 5 வோல்ட்டை 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் பிரித்துக் கொடுக்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது தவறான எண் வந்தால் 5 வோல்ட் முனையில் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். இரண்டு அளவீடுகளுக்கு நடுவே குறைந்தது 60 மில்லி நொடி இடைவெளி வேண்டும், இல்லையென்றால் முந்தைய ஒலியின் எதிரொலி அடுத்ததோடு குழம்பும். ஏழு முறை அளந்து சராசரி எடுக்காமல், ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். ஒரே ஒரு தப்பான எண் சராசரியையே கெடுத்துவிடும், நடு எண்ணை அதனால் அசைக்க முடியாது.

இதே தொட்டியில் வி.எல்.53எல்0எக்ஸ் வைத்தால்? 2 மீட்டர் வரை அளக்கும், 25 பாகை அகலமாகப் பார்க்கும், விலையும் அதிகமில்லை. ஆனால் மூடியில் படியும் நீராவித் துளி அதன் கண்ணாடியில் அமர்ந்ததும் அந்தத் துளியையே தண்ணீர் என்று எண்ணிக்கொள்ளும். விடிகாலையில் தினமும் தொட்டி நிறைந்துவிட்டதாகச் சொல்லும் சென்சாரை வைத்து என்ன செய்வது.

சம்ப்

தரைக்கு அடியில் இருப்பதால் வெப்பம் அவ்வளவாக மாறாது, ஒலிக்கு அது வசதி. இடைஞ்சல் வேறு: உள்ளே குழாய், கயிறு, ஃபுட்வால்வு, ஏணிக்கம்பி எல்லாம் நெரிசலாக இருக்கும். மீயொலிக் கற்றை இவற்றில் படுமே என்று பயந்து 2 பாகைக் கற்றை கொண்ட டி.எஃப்.லூனாவின் பக்கம் போகத் தோன்றும். 1.8 மீட்டர் ஆழத்தில் அதன் ஒளிப்பொட்டு 6 செ.மீ.தான் இருக்கும். மீயொலிக்கு அப்படிக் குறுக முடியாது. அதன் அலைநீளம் 8.7 மில்லிமீட்டர், சென்சாரின் முகமோ ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர். அலைநீளத்தைப் போல இரண்டு மடங்கே உள்ள வாயிலிருந்து வரும் எந்த அலையும் விரிந்துதான் போகும்.

ஆனால் அந்தப் பயத்தில் பாதி தேவையற்றது. ஒரு பரப்பிலுள்ள மேடு பள்ளம் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தால் அந்த அலைக்கு அது கண்ணாடி. பி.வி.சி. குழாய், பூசிய சுவர் இரண்டும் 8.7 மில்லிமீட்டர் அலைக்கு வழுவழுப்பான கண்ணாடிகள். செங்குத்தாகத் தொங்கும் குழாயில் உரசியபடி விழும் ஒலி, கண்ணாடியில் படுவதுபோலக் கீழ்நோக்கியே தெறித்துப் போகும், மேலே திரும்பாது. திரும்புவது கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருப்பவற்றிலிருந்துதான்: கப்ளிங்கின் விளிம்பு, எல்போ, கிளாம்ப், ஏணிப்படி. அவை இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து மாட்டினால் சம்பிலும் மீயொலி ஒழுங்காக வேலை செய்யும். சரிபார்க்க ஒரு வழி: சம்பைக் கழுவக் காலி செய்யும் நாளில் சென்சாரை ஓட்டிப் பாருங்கள். தரையின் ஆழத்தை டேப்பில் அளந்ததற்குச் சமமாகக் காட்டினால் நடுவில் எதுவும் குறுக்கிடவில்லை. ஒன்றரை அடி குறைவாகக் காட்டினால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒளி சென்சாரைத்தான் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், 110 மி.மீ. குழாயைச் சம்பின் மேலிருந்து அடிவரை நிறுத்தி, அடியில் துளைகள் போட்டு, உள்ளே வெள்ளைத் தெர்மாகோல் வட்டு ஒன்றை மிதக்கவிட்டு அதை அளக்க வேண்டும். வட்டு வந்ததும் தண்ணீரின் 2 சதவீதப் பிரச்சினை தீர்ந்துவிடும். புதிய பிரச்சினை வரும். போர்த்தண்ணீரின் உப்பு குழாயின் உட்சுவரில் வெள்ளையாகப் படியும், வட்டு ஒருநாள் பாதியில் சிக்கி நின்றுவிடும். இடைவெளி சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள், வருடம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

திறந்த கிணறு

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளுக்கு மேலே சொன்ன மீயொலி சென்சார்கள் எட்டாது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் காற்று மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கு மேல் விழுங்கும். 15 மீட்டர் போய்த் திரும்புவதற்குள் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கல்லைப் போட்டு எண்ணுவது பழைய வழி. 20 மீட்டர் ஆழத்துக்குக் கல் விழ 2.02 நொடி, சத்தம் மேலே வர 0.06 நொடி. விழும் இடத்தில் கல்லின் வேகம் நொடிக்கு 20 மீட்டர் என்பதால், பத்தில் ஒரு நொடி தவறாக எண்ணினால் 2 மீட்டர் பிழை. வேடிக்கைக்குச் சரி.

லேசர் கைமீட்டர் இங்கே பயன்படும், ஆனால் வெறும் தண்ணீரில் அடிக்கக் கூடாது. ஓர் அடிச் சதுர வெள்ளைத் தெர்மாகோலை நூலில் கட்டி இறக்கி மிதக்கவிட்டு, அதன்மேல் சிவப்புப் பொட்டு விழும்படி பிடியுங்கள். உச்சி வெயில் நேராக இறங்கும் நேரத்தில் பொட்டு தெரியாது, மீட்டரும் பிழை காட்டும், மாலை நாலரைக்கு மேல் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் அளக்கப்போகிறீர்கள் என்றால் இவ்வளவும் எதற்கு? ஸ்டீல் டேப்பின் நுனியில் எடை கட்டி, கடைசி ஓரடிக்குச் சாக்பீஸ் பூசி இறக்கி, தண்ணீரில் நனைந்து நிறம் மாறிய கோட்டைப் படித்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஒலியும் ஒளியும் இந்த இடத்தில் டேப்புக்குப் பின்னால்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் தனியாகக் குனிந்து அளக்க வேண்டாம்.

போர்

ஆறரை இஞ்ச் போரில் ஒளி ஆரம்பத்திலேயே தோற்கிறது. வெயிலைக் கண்ணாடியில் திருப்பி உள்ளே அடித்துப் பார்த்தால் தண்ணீர் மினுங்குவது தெரியலாம், ஆழம் தெரியாது. லேசர் அடித்தால் 60 மீட்டருக்குள் சுவரில் படாமல் இருக்க, ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் நேராகப் பிடிக்க வேண்டும். போரும் அவ்வளவு நேராக இருக்க வேண்டும். கடினப் பாறையைத் துளைத்துப் போட்ட போர் எதுவும் அப்படி இருப்பதில்லை.

ஒலிக்கு இதே குறுகல்தான் பலம். 165 மி.மீ. விட்டமுள்ள குழாயில் சுமார் 1,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி பக்கவாட்டில் விரிய வழியில்லாமல், தட்டையான அலையாக நேரே கீழே போகும். போர் வளைந்தாலும் கூடவே வளைந்து போகும். தாழ்ந்த ஒலியைக் காற்று உறிஞ்சுவதும் மிகக் குறைவு. இதற்குத் தனிக் கருவியும் வேண்டாம், செல்போன் போதும். போரின் வாயைத் திறந்து, அதன் விளிம்பை ஒட்டி போனின் மைக்கைப் பிடித்து, பதிவை ஓடவிட்டு, காகிதப் பையை ஊதி அடித்து ஒரு டம் சத்தம் எழுப்புங்கள். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் வருவது கூர்மையான உயர்ந்த ஒலி, பையின் மொத்தலான சத்தம்தான் இங்கே நல்லது. பதிவை ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, முதல் சத்தத்துக்கும் அடுத்துவரும் பெரிய எதிரொலிக்கும் நடுவே உள்ள நேரத்தைப் படியுங்கள். 0.344 நொடி என்றால் 349 × 0.344 ÷ 2 = 60 மீட்டர், ஏறத்தாழ 197 அடி. நொடிக்கு 44,100 முறை பதியும் போனுக்கு நேரம் ஒரு பிரச்சினையே அல்ல. வெப்பநிலையை ஒரு டிகிரி தவறாக வைத்தால் 60 மீட்டரில் 10 செ.மீ. மாறும், அதுதான் பெரிய பிழை.

குழப்பக்கூடியது, மண் சரியாமல் இருக்கப் போரின் மேற்பகுதியில் இறக்கும் கேசிங் பைப் முடியும் இடம். அங்கே குழாயின் அகலம் மாறுவதால் ஒரு சிறு எதிரொலி முன்கூட்டியே வரும். போர் போட்டபோது எத்தனை அடி கேசிங் இறக்கினார்கள் என்ற கணக்கு இருந்தால் அந்த நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளலாம். 60 அடி கேசிங் என்றால் அது 0.105 நொடியில் வரும். சப்மெர்சிபிள் தொங்கும் போரில் டெலிவரிக் குழாயின் இணைப்புகளும் ஒரே சீரான இடைவெளியில் சின்னச் சின்ன எதிரொலிகளைத் தரும். இவை எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பதும், சரியாக இரண்டு மடங்கு நேரத்தில் இன்னொரு முறை மங்கலாக வருவதும்தான் தண்ணீர். மோட்டார் ஓடி நின்ற உடனே அளந்தால் இறங்கிய மட்டம் வரும், ஊறி நின்ற மட்டம் வேண்டுமென்றால் இரவு முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் மோட்டார் போடும் முன் அடியுங்கள்.